இருபத்தைந்து மணி நேர ஞாயிறு

அக்டோபர் 14, திங்கள்

தென்றல் தூங்கிவிட்டாள். மூச்சு சீராக இருக்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்தாயிற்று. மூன்றாவது முறை போனால் இவர் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்ப்பார். அதனால் எழுதுகிறேன்.

இன்று பிரஸ்ஸுக்குப் போனேன். மயிலோன் காலண்டர்ஸ், சிவகாசியில் இருக்கும் எத்தனையோ காலண்டர் பிரஸ்களில் ஒன்று. முதலாளி தவமணி அண்ணாச்சி. அவர் அடிக்கும் தினசரிக் காலண்டரைத்தான் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்காகப் போன் ஆப்பாகச் செய்துகொண்டிருக்கிறேன். நாள் முடிந்ததும் தாளின் ஓரம் லேசாக மடங்கி எழும். விரலால் இழுத்தால் கிழியும். அந்தச் சத்தத்துக்காகப் போன வருடக் காலண்டர் ஒன்றை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து கிழித்துப் பதிவு செய்தேன். தென்றல் பிறந்த இந்த எட்டு மாதத்தில் கேட்டு வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே சத்தம் அதுதான்.

அக்டோபர் ஒன்றாம் தேதித் தாளிலிருந்து பத்துப் பேரிடம் சோதனை ஓடுகிறது. சிங்கப்பூர், துபாய், தோஹா, லண்டன், நியூ ஜெர்சி, டொரண்டோ. எல்லோரும் அண்ணாச்சியின் உறவு அல்லது எங்கள் உறவு. டொரண்டோவில் இருப்பது இவருடைய அக்கா, சொர்ணலதா மதினி.

அண்ணாச்சி இன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சூரசம்ஹாரம் முடிந்த கையோடு அடுத்த வருடக் காலண்டரின் அட்டை அச்சுக்கு ஏறுகிறது. தீபாவளியிலிருந்து சம்ஹாரம் வரை ஒரு தாளும் தப்பாமல் வந்தால், அட்டையின் மூலையில் ஆப்பை இறக்கிக்கொள்வதற்கான கியூஆர் கட்டம் அச்சாகும். தப்பினால் வேலை சென்னைக் கம்பெனிக்குப் போகும். “அட்டையில ஏத்திட்டா ஒரு வருசம் ஆணியில தொங்கும்மா. அப்புறம் அழிக்க முடியாது” என்றார்.

எனக்கு இது வேண்டும். போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ், “என்ன பண்றீங்க?” என்று கேட்டார். “சும்மாதான் இருக்கேன்” என்று என் வாயே சொன்னது. பிள்ளை பிறந்ததிலிருந்து நான் சும்மா இருந்தது எந்தக் கிழமை என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு கிழமையும் அகப்படவில்லை.

அக்டோபர் 16, புதன்

தென்றல் இரண்டு முறை கக்கினாள். இணையத்தில் தேட மாட்டேன் என்று இவரிடம் சத்தியம் செய்திருந்தேன். தேடினேன். எல்லாக் குழந்தைகளும் கக்கும், பயப்படாதே என்று பல பக்கங்கள் சொல்கின்றன. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று ஒரே ஒரு பக்கம் சொல்கிறது. அந்த ஒன்றைத்தான் நம்பத் தோன்றுகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் மதினி கூப்பிட்டார். வாரநாளில் விடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டு வேலைக்கு ஓடுவதால் கவனிக்கவில்லையாம். அங்கே இன்னும் சனிக்கிழமைதான், வீட்டில் இருந்திருக்கிறார்.

“செண்பகா, மத்தியானம் சோறு தின்னு கை கழுவிட்டு வாரேன், தாளு மடங்கி நிக்குது. கிழிச்சா நாளைக்கு வந்து தொங்குது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் போனை வைத்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு தாளையும் நம் ஊர் நள்ளிரவு என்கிற கணமாகக் கணினியில் வைத்திருந்தேன். இங்கே நமக்கு ஞாயிறு பிறக்கிற அதே கணத்தில் டொரண்டோவில் சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. அப்படியே விட்டிருந்தால் தீபாவளித் தாள் மதினிக்குப் புதன்கிழமை சோற்றோடு வந்திருக்கும். சிங்கப்பூரிலும் தப்பாகத்தான் ஓடியிருக்கிறது. அங்கே விடியற்காலையில் மாறியதால் தூங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை.

நல்லவேளை, தீபாவளிக்கு முன்னால் வந்த தப்பு. கணக்கில் சேராது.

அக்டோபர் 22, செவ்வாய்

சரிசெய்துவிட்டேன். உப்பும் சீனியும் ஒரே மாதிரி டப்பாவில் இருந்தால் அடுப்படியில் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. கணம் என்பது வேறு, நாள் என்பது வேறு. தென்றல் பிறந்த கணம் உலகத்துக்கே ஒன்று. அந்தக் கணத்தில் டொரண்டோ கடிகாரம் வேறு மணி காட்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவளுடைய பிறந்தநாள் அப்படி இல்லை. மதினி அதை அங்கே கொண்டாடினால் அந்த ஊருக்கு அந்தத் தேதி விடிந்த பிறகுதான் பாயசம் வைப்பார். தீபாவளியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். நிற்கிற ஊருக்குச் சொந்தமானவை. நான் எல்லாவற்றையும் கணமாக்கி ஒரே டப்பாவில் போட்டு மூடியிருந்தேன்.

இனிமேல் ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர் நள்ளிரவுதான் கணக்கு. அக்டோபர் ஒன்று நள்ளிரவில் தொடங்கும், ஒரு தாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம், அதோடு இருபத்து நான்கு மணி நேரம் சேர்த்தால் அடுத்த தாள். சுத்தமான கணக்கு. அடுத்த வருடத்தை ஜனவரி ஒன்றிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரை டொரண்டோ நேரத்தில் ஓட்டியும் பார்த்தேன். ஒரு தாளும் தவறவில்லை. பெருமையாக இருந்தது. இவரிடம் சொன்னேன். “நல்லது” என்றுவிட்டுத் தூங்கிப்போனார். நாள் முழுக்க அருப்புக்கோட்டைப் பக்கம் பிரஸ் பிரஸாக ஏறி அச்சு மை ஆர்டர் எடுத்துவிட்டு வந்தவர்.

ஒன்று எழுத வேண்டும். அத்தை, இவர் அம்மா, தினமும் காலையில் தென்றலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார். சோற்று வேளைக்குத்தான் திரும்பி வருகிறார். பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு நேரம் அங்கே என்ன பேச்சு? எனக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிடுகிறது. வேலை மட்டும் மளமளவென்று நடக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிப் பலகாரம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளும் அத்தையும் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். முறுக்காவது பிழிகிறேன் என்று போனேன். “நீ போயி உன் பொட்டியத் தட்டு” என்று அத்தை அனுப்பிவிட்டார். கல்யாணமாகி மூன்றாவது தீபாவளி, இன்னும் என் கையில் ஒரு முறுக்குக் குழல் தரவில்லை. கூடத்தில் இருந்த மேசை விசிறியையும் கொண்டுவந்து என் லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதன் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

பேச்சியம்மாளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். “அவளுக்கு வேல கெடக்கு” என்பது மட்டும் காதில் விழுந்தது. குறையாகத்தான் சொல்லியிருப்பார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பத்துப் போன்களிலும் தீபாவளித் தாள் அந்தந்த ஊரின் வியாழக்கிழமையில் வந்தது. ஒவ்வொருவராகப் படம் எடுத்து அனுப்பினார்கள். லண்டனில் இருக்கும் அண்ணாச்சியின் மருமகன் வசந்தகுமார் மட்டும் படம் அனுப்பவில்லை, கட்டைவிரல் அனுப்பினார். இருக்கட்டும்.

ஊரே இடிந்து விழுகிற மாதிரி வெடித்தது. தென்றலின் காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் குல்லா போட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி வைத்திருந்தேன். அவள் அசையாமல் தூங்கினாள். சாயங்காலம் ஊர் அமைதியான பிறகுதான் எழுந்து அழுதாள். சிவகாசியில் பிறந்தவள்.

மஞ்சள் பட்டுப்பாவாடையில் எடுத்த படத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். மதினிக்கு அனுப்பவில்லை. படம் கொஞ்சம் பெரிய அளவு, அங்கே இறங்க நேரமாகும்.

மதினி சனிக்கிழமையிலிருந்து சஷ்டி விரதம். கல்யாணமான வருடத்திலிருந்து இருக்கிறார், இது ஒன்பதாவது. முன்பெல்லாம் திருச்செந்தூரில் போய்த் தங்கியே இருப்பாராம். எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. “இந்த வருசம் உன் தாளப் பாத்துத்தான் இருக்கப் போறேன். நாள் தப்பிரக் கூடாதும்மா” என்றார். அந்தத் தாள்களில் ‘விரதம் முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’ என்று அண்ணாச்சி போட்டிருக்கிறார். தப்பாது மதினி என்றேன்.

நவம்பர் 2, சனி

மதினிக்கு விரதம் தொடங்கிவிட்டது. தாள் சரி.

வாங்க வேண்டியது: ராகி, சீரகம், டயப்பர், விசிறிக்கு ஒயர்.

மதினி பேச்சோடு பேச்சாக, இன்று ராத்திரி அங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று சந்தோஷப்பட்டார். கொடுத்துவைத்தவர்கள். எனக்கு யாராவது ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன செய்வேன்? தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நவம்பர் 4, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

சாயங்காலம் நாலரைக்குத் தென்றலுக்கு ராகிக் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதி என் சேலையில். மதினியின் அழைப்பு. அங்கே அப்போதுதான் திங்கள் விடிந்திருக்கிறது. குளித்து, விளக்கேற்றி, தாளைக் கிழித்திருக்கிறார்.

“ஞாயித்துக்கிழமையக் கிழிச்சேன் செண்பகா. அடியில இன்னொரு ஞாயித்துக்கிழம இருக்கு.”

அதிலும் விரதம் இரண்டாம் நாள் என்றே போட்டிருக்கிறதாம். அவர் பதறவில்லை. வீட்டுக்காரரின் போனிலும் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார், அதில் திங்கள். “எதுக்கும் கேட்டுக்கிருவோம்னு” என்றார். நான் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை வந்து ஒன்றும் கேட்காமல் பிள்ளையையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இருபத்து நான்கு மணி நேரம் சேர்த்தால் நாளை வரும் என்று எழுதி வைத்திருக்கிறேன். சிவகாசியில் வரும். டொரண்டோவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருபத்தைந்து மணி நேரம். அதன் நள்ளிரவில் தொடங்கி இருபத்து நான்கு மணி நேரம் போனால் அதே ஞாயிறு இரவு பதினொன்று. கணினி எட்டிப் பார்த்திருக்கிறது, இன்னும் ஞாயிறுதானே என்று இன்னொரு ஞாயிற்றுத் தாளைத் தொங்கவிட்டிருக்கிறது. அதற்கப்புறம் எல்லாத் தாளும் ஒரு நாள் பின்தங்கிவிடும். வியாழக்கிழமைச் சம்ஹாரம் மதினிக்கு வெள்ளிக்கிழமை வந்திருக்கும்.

ஒரு வருடம் முழுக்க ஓட்டிப் பார்த்தேனே, அப்போது ஏன் தெரியவில்லை? அதையும் கண்டுபிடித்தேன், அதுதான் இன்னும் எரிச்சல். ஜனவரியில் தொடங்கினால் மார்ச் மாதம் கடிகாரத்தை முன்னால் தள்ளும்போது ஒரு மணி நேரம் போகிறது, நவம்பரில் பின்னால் இழுக்கும்போது அது திரும்ப வந்துவிடுகிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று மூடிக்கொள்கின்றன. நான் சோதித்தது ஜனவரியிலிருந்து. ஓடுவதோ அக்டோபரிலிருந்து.

லண்டனில் கடிகாரத்தை அதற்கு முந்தின ஞாயிறே திருப்பிவிட்டார்களாம். வசந்தகுமார் ஒரு வாரம் முன்னாலேயே இதைப் பார்த்திருக்க வேண்டும். செய்தி அனுப்பிக் கேட்டேன். ஆப்பை இறக்கி வைத்ததோடு சரி, ஒரு நாளும் திறக்கவில்லையாம். ஸாரி சிஸ்டர் என்று ஒரு கும்பிடு.

இனிமேல் மணி நேரத்தைச் சேர்ப்பதில்லை. தேதியைத்தான் சேர்க்கிறேன். மூன்றுக்கு அடுத்தது நான்கு, அந்த நாள் எவ்வளவு நீளமாக இருந்தாலும். திருத்தியதை அனுப்பிவிட்டேன். மதினியின் போனில் திங்கள் வந்துவிட்டது. நியூ ஜெர்சியிலும் வந்திருக்கும். அங்கிருந்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இவர் சொல்கிறார், அக்கா யாரிடமும் சொல்ல மாட்டாள், சரி பண்ணியாச்சில்ல, பேசாமல் விட்டுவிடு என்று. அண்ணாச்சிக்குத் தெரிய வழியே இல்லை. மூன்று நாள் பொறுத்தால் அட்டை.

யோசிக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

விடிகிற வரை, சொல்லாமல் இருப்பதற்கான காரணங்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் மதினி அந்தத் தாளைப் பார்த்துப் பட்டினி கிடக்கிறார். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

பிரஸ்ஸுக்குத் தென்றலையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அத்தையும் கூடவே வந்தார், வழியில் கருவேப்பிலை வாங்க வேண்டுமாம். பிரஸ்ஸில் தாள் கட்டுகளுக்குத் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். டொரண்டோவில் ஒரு தாள் இரண்டு முறை வந்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“எப்படி?” என்றார்.

அந்த ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருபத்தைந்து மணி நேரம் என்றேன்.

அண்ணாச்சி அத்தையைப் பார்த்தார். அத்தை கூரையைப் பார்த்தார்.

“ஒரு மணி நேரம் கூடவா? அத யாரு குடுத்தா?”

கவர்ன்மெண்டு என்றேன். கோடையில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, குளிர் தொடங்கும்போது திருப்பித் தருகிறார்கள் என்றேன். அண்ணாச்சி தகரப் பட்டை அடிக்கிறவரைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இப்படி ஒரு வசதி இருக்கும்போது நம் ஆட்கள் ஏன் ஓவர்டைம் கேட்கிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு ஓடியது. அப்புறம் முகம் மாறியது.

தாள் தப்பிவிட்டதுதானே என்றார். ஆமாம் என்றேன். பேசிய பேச்சு அப்படியேதான், முடிவை வியாழக்கிழமை சொல்கிறேன் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். தப்பான தாள் வெளியே போய்விட்டால் இந்தப் பிரஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டாம். திருத்தத் தாள் அடித்து, வாங்கினவர்களின் கடைக்கே நேரில் கொண்டுபோய், பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டிக் கொடுப்பார்கள். தபாலில் அனுப்ப மாட்டார்கள். தப்புச் செய்தவரே போக வேண்டும். அவருடைய கல்யாணத்துக்கு முதல் வாரம், கார்த்திகைத் தீபத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டு ராஜபாளையம் முழுக்க அலைந்தாராம்.

“நீ ஏரோப்ளேன்ல போக வேண்டாம். பத்துப் பேரையும் கூப்பிட்டு உன் வாயால சொல்லிரு.”

எனக்குப் புது ஆட்களோடு போனில் பேசவே வராது. அது அவருக்குத் தெரியாது.

நவம்பர் 6, புதன்

ஒன்பது பேரிடம் பேசிவிட்டேன், தென்றலை இடுப்பில் வைத்துக்கொண்டு. சிங்கப்பூர்க்காரர் தாளைப் பற்றிக் கேட்கவே இல்லை, பிள்ளை அழுவது பசியிலா என்று விசாரித்தார். துபாய்க்காரரின் மனைவி, தினமும் தாளைக் கிழிப்பது யார் என்று பிள்ளைகளுக்குள் அடிதடி, ஒரு நாளைக்கு இரண்டு தாள் வைக்க முடியுமா என்று கேட்டார். கடைசியாகச் செய்தது அதுதான் என்றேன். வசந்தகுமார் என்னைப் பேசவே விடாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நியூ ஜெர்சியில் ஒரு பெரியவர், அண்ணாச்சிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. இரண்டாவது ஞாயிற்றை அவர் கவனிக்கவே இல்லை. ஓய்வு பெற்றவருக்கு எல்லாம் ஞாயிறுதான் என்றார். ஆனால் நவம்பர் பதினைந்து வரை முன்னால் புரட்டிப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பௌர்ணமி, தாளில் அந்த நிலாப் படமே இல்லையே என்றார். ஓடிப்போய்க் கூடத்தில் தொங்குகிற காலண்டரைப் புரட்டினேன். அதிலும் இல்லை. அச்சிலேயே விட்டுப் போயிருக்கிறது. அண்ணாச்சி கொடுத்ததை நான் அப்படியே ஏற்றியிருக்கிறேன்.

மதினியைக் கடைசியாக வைத்திருந்தேன். தப்பு என்னுடையது, உங்கள் விரதத்தில் போய் இப்படி ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்து வாசித்தது போலச் சொல்லி முடித்தேன்.

“அத விடு. ரெண்டு ஞாயித்துக்கிழம வந்துச்சே, ஆபீஸ்ல ஒரு நாள் லீவு கேக்கலாமான்னு பாத்தேன்” என்றார். அப்புறம்தான் கேட்டார். “பட்டுப்பாவாட படத்த அம்மா அனுப்புனா. நீ ஏன் அனுப்பல?”

படம் பெரிய அளவு என்றேன்.

“செண்பகா. எனக்குப் பிள்ளதான் இல்ல. பிள்ளையப் பாக்கக் கண்ணு இருக்கு.”

இடுப்பில் இருந்தவள்தான் போனைப் பிடித்து இழுத்து என்னமோ கத்தினாள். மதினியும் அங்கிருந்து அதே மாதிரி கத்தினார். இரண்டு பேரும் நெடுநேரம் கத்திக்கொண்டிருந்தார்கள். வீடியோவில் வரச் சொன்னேன். மதினி பட்டினியில் மெலிந்து, ஆனால் பளிச்சென்று இருந்தார். இனிமேல் படம் எடுத்தால் முதலில் தனக்குத்தான் வர வேண்டும், அம்மாவுக்கு அப்புறம்தான் என்றார். இன்று மட்டும் பதினெட்டுப் படம் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில்கூடத் தென்றல் நேராகப் பார்க்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சம்ஹாரம். நாலரை மணியிலிருந்து டிவியில் திருச்செந்தூர்க் கடற்கரை. கண்ணுக்கெட்டிய வரை தலைகள். டொரண்டோவில் அப்போது விடியற்காலை. மதினி அங்கே லேப்டாப்பில், நாங்கள் இங்கே டிவியில், நடுவில் போன். சூரன் தலையை மாற்றி மாற்றிக்கொண்டு வரும்போதெல்லாம் தென்றல் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பயப்படுகிறாளா என்று எட்டிப் பார்த்தால் சேலையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

மதினி தன் போனில் இருந்த தாளை எங்களுக்குக் காட்டினார். வியாழன். சூரசம்ஹாரம். விரதம் ஆறாம் நாள். சரி.

அத்தை, சம்ஹாரம்தான் முடிந்துவிட்டதே, நீயும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போயேன் என்று மகளிடம் சொன்னார். பெற்ற மனசு. மதினி மாட்டேன் என்றார்.

“அங்க முடிஞ்சிருச்சும்மா. எனக்கு வியாழக்கிழம இப்பத்தான விடியுது.”

நான் இரண்டு வாரமாகக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கப் போராடியதை மதினி பல் விளக்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

நானே போனேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் பௌர்ணமித் தப்பைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. பத்துப் பேரிடமும் பேசிவிட்டேன் என்றேன், தெரியும் என்றார். பத்துப் பேரும் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பௌர்ணமியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இனி சொல்லித்தானே ஆக வேண்டும். நவம்பர் பதினைந்தில் பௌர்ணமி இல்லை அண்ணாச்சி, ஆப்பில் மட்டுமல்ல, காலண்டரிலும் என்றேன்.

அண்ணாச்சி எழுந்துபோய்ச் சுவரில் தொங்கியதைப் புரட்டினார். பக்கத்து அறையில் தொங்கியதையும் புரட்டினார், அதிலாவது இருக்கும் என்று நினைத்த மாதிரி. பத்து மாதமாக ஊரெல்லாம் தொங்குகிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. கிரிவலம் போகிறவர்கள் அடுத்த வாரம் பார்ப்பார்கள். “அடப் பாவி” என்றார். அவரைத்தான் சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

உடனே திருத்தத் தாள் அடிக்கச் சொன்னார். வேன் எங்கே, கோவில்பட்டிக்கு யார், தென்காசிக்கு யார், தூத்துக்குடிக்கு யார் என்று ஒரே கூச்சல். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். எனக்கும் அவருக்கும் டீ வந்தது. அவர் கடைசி வாய் குடித்துக் கிளாஸை வைக்கும்போது, ஆப்பில் போட்டாச்சு அண்ணாச்சி, பத்துப் போனிலும் நிலா வந்துவிட்டது என்றேன்.

அவர் நம்பவில்லை. நியூ ஜெர்சிச் சித்தப்பாவைக் கூப்பிட்டார். அங்கே அது ராத்திரி வேளை என்று நான் சொல்வதற்குள் அவர் எடுத்துவிட்டார். தூக்கக் கலக்கத்தில் பார்த்து, நிலா இருக்குடா தவமணி, நீ படு என்றாராம்.

அண்ணாச்சி வெளியே பார்த்தார். மூன்று வேன்களில் தாள் கட்டு ஏறிக்கொண்டிருந்தது. பையன்களுக்குப் பசைவாளி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு டீ” என்றார். “நான் ராஜபாளையத்துல நாலு நாளு அலைஞ்சேன்.”

அப்புறம் அச்சுக்கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அட்டையில் கட்டம் போடுகிற பிளேட்டை எடுத்து மெஷினில் ஏற்றுங்கப்பா என்று.

நான் என் டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. இதைவிட நல்ல டீயைக் குடித்ததில்லை.

நவம்பர் 9, சனி

மாலையில் முதல் அட்டை வந்தது. பிரஸ்ஸிலிருந்தே கொடுத்துவிட்டிருந்தார்கள். மை இன்னும் முழுக்கக் காயவில்லை. மேலே மயில் மேல் முருகன், கீழே வலது மூலையில் என் கட்டம். இவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, மை நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். மை விற்கிறவர் வேறென்ன சொல்வார். ஆனால் தன் போனால் அந்தக் கட்டத்தை மூன்று முறை படம் பிடித்துப் பார்த்தார், மூன்று முறையும் ஆப் திறந்தது. தென்றல் ஒரு ஓரத்தை நக்கிவிட்டாள். மையில் ஈயம் இருக்குமா என்று கேட்டேன். இருக்காது என்றார். இருக்காது என்று இணையத்திலும் பார்த்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வேலைதான் முடிந்துவிட்டதே, இனி வீட்டைப் பார் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“தவமணி கூப்பிட்டான்” என்றார். ஆஸ்திரேலியாவில் அவர் சகலை மகள் இருக்கிறாளாம், அங்கேயும் நிறையப் பேர் கேட்கிறார்களாம், உடனே செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அத்தையே பதில் சொல்லிவிட்டார். “தை பொறக்கட்டும்னுட்டேன். பிள்ளைக்கு மொட்ட போட்டு காது குத்தணும். அதுவரைக்கும் நீ கொஞ்சம் தூங்கு. சம்பளத்தையும் கூட்டிக் கேட்டிருக்கேன்.”

அண்ணாச்சி என்னிடம் பேசாமல் உங்களிடம் ஏன் பேசினார் என்று கேட்டேன். முதலில் இருந்தே அவன் தன்னிடம்தான் பேசுகிறான், வேலையைக் கேட்டு வாங்கினதே தான்தானே என்று, இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அங்கேயும் கடிகாரத்தைத் திருப்புவார்கள் அத்தை, ஆனால் தலைகீழாக, கனடாவில் பின்னால் வைக்கிற சமயத்தில் அங்கே முன்னால் வைத்திருப்பார்கள். அதிலும் எல்லா மாநிலத்திலும் கிடையாது, சில இடங்களில்தான்.

அத்தைக்கு அலுத்துவிட்டது. “எந்த ஊர்க்காரனும் மணிய ஒழுங்கா வச்சுக்கிட மாட்டானா?”

“வச்சுக்கிட்டா எனக்கு ஏது அத்த வேல?”

“அப்பன்னா திருப்பட்டும்” என்று சொல்லிவிட்டு அத்தை படுக்கப் போனார்.